காக்கைக்குக் கட்டிய தட்டு

ராத்திரி அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது,
என்னிடம் கேட்காமல்.
விடிந்து பார்த்தால் திரை
அறுநூற்று நாற்பதுக்கு நானூற்று எண்பதாய்ச் சுருங்கிக் கிடக்கிறது.
பதினாறே நிறம்.
புதுநன்மை வாங்கப்போகும் மூன்று பிள்ளைகளும்
அவித்த நண்டு நிறத்தில் கைகூப்பி நிற்கிறார்கள்.
பத்துக்கு ஆறு பேனர்.
ஐந்து மணி பஸ்ஸில் கண்டக்டர் சட்டைப்பையில்
பென் டிரைவாய் ராமநாதபுரம் போயாக வேண்டும்.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம்,
அதற்குள் ஓர் ஆச்சரியக்குறி.
எனக்கொன்றும் ஆச்சரியமில்லை.
தங்கச்சிமடத்தில் பன்னிரண்டு வருஷம்
வடகடல் காற்றையும் தென்கடல் காற்றையும்
மாற்றி மாற்றி இழுத்த பெட்டி இது.

மூடியைக் கழற்றினேன்.
விசிறியில் உப்பு பூத்திருக்கிறது.
ஸ்லாட்டின் ஓரம் பல்லி முட்டை இரண்டு.
கார்டை உருவி அதன் பொன்பற்களை
ரப்பர் வைத்துத் தேய்த்தேன்.
பச்சை போயிற்று, மஞ்சள் முக்கோணம் போகவில்லை.

சேஃப் மோடில் நுழைந்து பழைய டிரைவரைப் பிடுங்கினேன்,
புதியதை இறக்கினேன்.
பொருந்தும் வன்பொருள் இங்கே இல்லை என்றது.
இல்லாமலா என் விரலில் ரத்தம்?
பட்டியலில் தேடி வலுக்கட்டாயமாய் ஏற்றினேன்.
பிழை எண் நாற்பத்து மூன்று:
இந்தச் சாதனம் பிரச்சினைகளைத் தெரிவித்ததால்
இதை நிறுத்திவிட்டோம்.

இதையேதான் ஐஸ் கம்பெனியில்
என் தம்பி கிளாட்வினுக்கும் செய்தார்கள்.

மணி பன்னிரண்டு.
கடைசியில், முதலிலேயே பார்த்திருக்க வேண்டியதைப் பார்த்தேன்.
விவரங்கள் பக்கத்தில் வன்பொருள் அடையாளம்,
எழுத்தும் எண்ணுமாய் நாலு.
ஸ்டிக்கரில் ஒரு பேர், சிப்பில் வேறு பேர்.
மதுரைக்காரன் எனக்கு விற்றது
அந்தப் பேருக்கு நாலு தலைமுறை மூத்தது.
அந்த வரிசைக்கு இனி டிரைவர் இல்லை,
தளத்திலிருந்தே எடுத்துவிட்டார்களாம்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது.
ஸ்டிக்கரை மாற்றியவன்
டப்பாவில் இருந்த சிடியை மாற்ற மறந்திருந்தான்.
தப்பான சிடி என்று நானும்
பின்வாசல் மரியபுஷ்பத்துக்குக் கொடுத்தேன்,
கருவாட்டில் காக்கா இறங்காமல் இருக்க.

மூன்று கச்சான் காற்று பார்த்துவிட்டு
நைலான் நரம்பில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது,
நெத்திலிப் பாயின் மேல்.

“அத அவுத்துட்டா யாரு காவலு?”
பதிலுக்கு ஒரு கல்யாண சிடி கொடுத்தேன்.
பாக்கி தராமல் போன வீட்டுக் கல்யாணம்.
மணமக்கள் காற்றில் ஏறினார்கள்.

குளிக்கிற சோப்பால் கழுவினேன்.
ஒட்டியிருந்த செதிலை நகத்தால் எடுத்தேன்.
ஓரமெல்லாம் வெயில் உரித்த வெள்ளி.
ஆனால் சிடி உள்வட்டத்திலிருந்துதான் வாசிக்கப்படும்,
டிரைவர் உள்ளே, விளையாட்டுகள் வெளியே.
அதை நம்பித்தான் தட்டைத் தள்ளினேன்.
இருமியது. நின்றது. சுழன்றது.
அறுபத்தொரு சதவீதத்தில்
ஒரு டீ குடிக்கும் நேரம் அசையவில்லை.
நான் டீ குடிக்கவில்லை.

அறுபத்திரண்டு.

திரை ஒருமுறை இருண்டு விரிந்தபோது
மூன்று பிள்ளைகளுக்கும் தோல் திரும்பியிருந்தது.
நடுவில் நிற்கிறவளுக்கு முன்பல் இல்லை,
காலையிலிருந்து அது தெரியவே இல்லை.
அதை அப்படியே விட்டேன்.

புதுப்பித்தலை நிறுத்தினேன்.
டிரைவரை இரண்டு இடத்தில் பிரதி எடுத்தேன்.
பட்டியலின் அடியில் இன்னொரு மஞ்சள் முக்கோணம்,
சவுண்டுக்கோ எதற்கோ.
இருக்கட்டும்.

நாலு ஐம்பதுக்கு பஸ்ஸை நோக்கி ஓடுகையில்
பின்னாலிருந்து மரியபுஷ்பம்:
“ஒங் கல்யாணத் தட்டுக்கு
ஒரு காக்காவும் பயப்படலடி,
பழசத் தா.”